மூன்றாவது படம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குக் கடியாரம் என்று பேர் வைத்தது, பக்கத்து மேஜையில் துணி பிரிக்கிற அக்கா. எட்டு மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கே வந்துவிடுவாள். ஆனால் எட்டு அடிக்கும்வரை வாசலிலேயே நிற்பாள். மழை பெய்தாலும் நனைந்துகொண்டு நிற்பாள். எட்டு என்றால் எட்டு.

வயது இருபத்திரண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளைக் கைகழுவிவிட்டது. அவளுக்கு எதுவும் மண்டையில் ஏற நாளாகும், ஏறிவிட்டால் இறங்காது. அவளைப் போன்றவர்களுக்காக ஒரு நிறுவனம் பிடித்துக்கொடுத்த மூன்று மாதப் பயிற்சி இது. சம்பளம் இல்லை, பஸ் பாஸ் மட்டும். கடைசியில் ஒரு சோதனை. தேறினால் நிரந்தர வேலை, மற்றவர்களுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். தேறாவிட்டால் வீடு. வீட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற அப்பா. அவருக்கு ஒரு முழங்கால் போய்விட்டது, இன்னொன்று போகப் பார்க்கிறது.

"உனக்கும் எனக்கும் ஒரே தொழில்தான்மா," என்பார், காலில் தைலம் தேய்த்துக்கொண்டே. "நான் மூட்டையைக் கட்டின மாதிரியே தூக்கறேன், நீ அவுத்துப் பாக்கறே. நீ பெரிய ஆளு."

வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். அவிழ்த்து, வெள்ளை, கலர், கறை என்று மூன்று தள்ளுவண்டிகளில் பிரித்துப் போட வேண்டும். மணிக்கு நாற்பது மூட்டை. பயிற்சி டீச்சர் அவளுடைய கைகளையே போட்டோ பிடித்து, ஆறு படங்களாக ஓர் அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தாள். கையுறை போடு. முடிச்சை அவிழ். ஒவ்வொரு துணியாக மேஜைமேல் உதறு. பிரித்துப் போடு. ஏதாவது விழுந்தால் தொடாதே, மணியை அடித்துவிட்டு நில். காலிப் பையைக் கட்டு.

மூன்றாவது படத்தைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"உதறினா யாருடி நாப்பது முடிப்பா? இங்க ஒருத்தரும் உதறுறதில்ல. அப்படியே அள்ளி வீசு."

"படத்துல உதறச் சொல்லியிருக்கு."

"படமா வந்து மூட்டை பிரிக்கப் போகுது?"

ஒருநாள் அக்காவே கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினாள். நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. எந்த வார்டு நர்சோ துணியோடு சுருட்டிவிட்ட ஊசி குத்தியது. "ஆறு மாசம் ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்தாங்க. கடைசில ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆனா அந்த ஆறு மாசமும் என் புருஷன் எனக்குத் தட்டைத் தனியா வச்சான்." கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி அள்ளி வீசினாள்.

கடியாரம் உதறினாள். முதல் மாதம் இருபத்திரண்டு மூட்டை. இரண்டாம் மாதம் முப்பத்திமூன்று. தோள்பட்டை வீங்கி, ராத்திரி அப்பாவின் தைலத்தில் பாதி அவளுக்குப் போயிற்று. மூன்றாம் மாதக் கடைசியில் உதறியே நாற்பதைத் தொட்டாள். அக்கா தன் கையை நிறுத்திவிட்டு, "இது கடியாரம் இல்லடி, மெஷினு," என்றாள்.

சோதனை நாளன்று சூப்பர்வைசர் கையில் நேரம் பார்க்கும் கருவியோடு நின்றார். முப்பது மூட்டைவரை ஒரு குறையுமில்லை. முப்பத்தொன்றாவதில் ஒரு போர்வையை உதறினாள். மூடி கழன்ற ஊசியொன்று மேஜையில் விழுந்து உருண்டது. அவள் மணியை அடித்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் எதிரிலேயே நின்றாலும், இடுக்கியும் மஞ்சள் டப்பாவும் வேறு அறையில். எடுத்து வந்து, ஊசியை டப்பாவில் போட்டு, நோட்டில் எழுதி முடிக்க ஐந்து நிமிஷம். ஒரு மணி நேரம் முடிந்தபோது முப்பத்தேழு மூட்டை.

"அந்த அஞ்சு நிமிஷத்தைச் சேத்துக் குடுங்க சார்," என்றாள் டீச்சர். "அவ பண்ணது சரிதானே?"

"சரிதான். யாரு இல்லேன்னா? ஆனா நீங்கதானே மொத நாள் வந்து சொன்னீங்க, தயவு வேணாம், எல்லாருக்கும் உள்ள அளவே எங்களுக்கும் வைங்கன்னு? எல்லாருக்கும் நாப்பது."

"எல்லாரும் உதறுறாங்களா சார்?"

அவர் அக்கா இருந்த பக்கம் திரும்பவேயில்லை. "அடுத்த திங்கக்கிழமை இன்னொரு தரம் பாக்கலாம். அதுக்கு மேல கேக்காதீங்க. எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க."

அன்று அவள் சாப்பிடவில்லை. அப்பா பக்கத்தில் வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, "மூணு மூட்டையில போச்சா," என்று மட்டும் சொன்னார். மறுபடியும் சொன்னார். அவளைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அட்டையில் இருப்பதைச் செய்யாமல் இருக்க அவளால் ஆகாது. அதனால் மூன்றாவது படத்தை நகத்தால் நெம்பி உரித்தாள். அப்புறம் ஐந்தாவதைப் பார்த்தாள். உதறாவிட்டால் எதுவும் விழாது. விழாவிட்டால் மணி எதற்கு? அதையும் உரித்தாள். இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

திங்கட்கிழமை டீச்சர்தான் அட்டையை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். நாலு படம், இரண்டு பசைத் தழும்பு. டீச்சரின் விரல் தழும்பின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. இந்தத் தடவை பயிற்சிக்கு வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். "எங்க அந்தப் படம்?" என்று கேட்பதற்கு வாய் திறந்தவள், "நல்லா பண்ணு," என்றாள்.

நாற்பத்தெட்டு மூட்டை.

சூப்பர்வைசர் கைதட்டினார். "பாத்தீங்களா டீச்சர், முடியும்னா முடியுது." நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்கள். அட்டை தெரியவேண்டும் என்று கழுத்தில் மாட்டியபடியே நிற்கவைத்தார்கள். அப்பா புதுச் சாப்பாட்டு டப்பா வாங்கி வந்து, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், "நாளையிலேர்ந்து எம்பொண்ணு ஆபீசு," என்றார். சலவைக்கூடம் என்று யாரும் திருத்தவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள், எட்டு அடித்ததும் உள்ளே வந்தாள். அள்ளி வீசினாள். அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, மூட்டைக்குள்ள கை விடறப்பல்லாம் கண்ணை மூடிக்கிறே?"

"அதுக்கு நேரம் ஆகாதுக்கா," என்றாள் கடியாரம். "எண்ணிப் பாத்துட்டேன்."

அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.