முதல் வருடத்துச் செல்கள்

கோடை விடுமுறையில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். உயிரிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவளுக்குப் பெரிய ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தால் சும்மாவா? அம்மா சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னாள். வந்து பார்த்தால், பேராசிரியர் என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "இவங்க பார்த்துப்பாங்க" என்று, முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் தலையில் என்னைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தாள். நான் வாயை மூடுவதே இல்லையாம். பொய் சொல்வானேன், உண்மைதான்.

அக்கா வருடக்கணக்காக ஒரே வேலையில் இருந்தாள். ஆறாத புண்ணின் மேல் பூச ஒரு ஜெல். அதன் மேல் தோல் செல்களை வளர்த்து, அவை எப்படிப் பரவுகின்றன என்று பார்ப்பாள். கோடை முடிந்ததும் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டும். அவளுடைய மகள் அங்கே அப்பாவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனில் வந்து, "எப்பம்மா வருவே?" என்று கேட்கும் அந்தக் குழந்தை. "நீ பள்ளிக்கூடம் சேர்றப்ப அம்மா அங்க இருப்பேன்டா கண்ணு" என்பாள் அக்கா. போனை வைத்த பிறகு பாதிச் சாப்பாடு அப்படியே இருக்கும்.

செல்களுக்கு நீலச் சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்பது என் வேலை. சாயம் செல்லின் உட்கருவில் மட்டும்தான் பிடிக்கும். இருட்டில் நீல முத்துகளாக ஒளிரும். முதல் நாள், அக்கா வளர்த்துக் கொடுத்த செல்களைப் பார்த்ததுமே கேட்டேன்.

"அக்கா, முத்தைச் சுத்திப் பொடிப்பொடியா என்னமோ மின்னுதே?"

"சாயம் சரியா கழுவலை, அவ்வளவுதான். திரையில கறுப்பைக் கொஞ்சம் ஏத்து, மங்கலா மின்னுறதெல்லாம் போயிடும். எனக்கும் சீனியர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

ஏற்றினேன். போய்விட்டது. படம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாதிக் கோடை அப்படியே ஓடியது.

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இருந்தார். மீசை என்று கூப்பிடுவோம். அவர்களுடைய மைக்ரோஸ்கோப் மக்கர் செய்ததால், ஒரு நாள் தன் செல்களை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அதே நீலச் சாயம். கறுப்பை ஏற்றாமலே படம் பளிச்சென்று வந்தது.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே இவ்வளவு சுத்தமா கழுவ வருது? என்னுதைப் பாருங்க" என்று எங்கள் செல்களை வைத்துக் காட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது சாயம் இல்லம்மா. மைக்கோபிளாஸ்மா. பொடி பாக்டீரியா. அதுலயும் இந்தச் சாயம் பிடிக்கும். சாதாரணமா பார்த்தா தெரியவே தெரியாது. நாம ஊத்துற மருந்துக்கெல்லாம் சாகாது. இது ஒட்டிக்கிட்டா செல்லோட நடத்தையே மாறிடும். அதை வெச்சு எடுத்த எந்த முடிவையும் நம்ப முடியாது."

"எங்கேர்ந்து வரும்?"

"பெரும்பாலும் நம்ம வாயிலேர்ந்துதான்."

கழுத்தில் தொங்கிய முகமூடியை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னேன். திரையில் கறுப்பை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"முகமூடியை இறக்கிட்டு வளவளன்னு பேசிக்கிட்டே வேலை பார்த்தியே, அதான்."

பேராசிரியரிடமும் அதையே சொன்னாள். அவரும், "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா. இந்தக் கோடையில எடுத்ததைத் தூக்கிப் போடுங்க. போன வருஷம் வரைக்கும் எடுத்ததே போதும்" என்று முடித்துவிட்டார். செல் வளர்க்கும் அறைக்குள் நான் காலெடுத்து வைக்கக் கூடாது. பாட்டில் கழுவலாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் செல்களைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பொடி இருந்ததே! முதல் நாளே கேட்டேனே! அக்காவை மடக்கினேன். "அன்னைக்கு நிஜமாவே சாயம்தான்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்க முதல் வருஷத்துச் செல்லு நைட்ரஜன் தொட்டியில உறைஞ்சுதானே கிடக்கு? எடுத்து வளர்த்துப் பார்ப்போமே. அதுலயும் பொடி இருந்தா, நான் வர்றதுக்கு முன்னாடியே வந்ததுன்னு தெரிஞ்சிடும்."

"தலைக்கு மேல வேலை கிடக்குது ரேடியோ. ஆளை விடு."

அம்மாவிடம் அழுதேன். "பேசாம வாயை மூடிட்டு சான்றிதழை வாங்கிட்டு வா. அவங்களைப் பகைச்சுக்காதே" என்றாள். ஊரெல்லாம் போன் போட்டவள் வேறென்ன சொல்வாள்? அதற்கப்புறம் நான் அக்காவோடு பேசவே இல்லை. பாட்டில்களை மட்டும் சத்தம் போட்டு வைத்தேன்.

ஒரு மத்தியானம் அவளாகவே வந்து கூப்பிட்டாள். மைக்ரோஸ்கோப் அறைக்குள் போனோம். திரையை அணைத்து வைத்திருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும்.

"உட்காரு. பாரு."

"என்னது?"

"முதல் வருஷத்துது. யாருக்கும் தெரியாம எடுத்து வளர்த்தேன். சாயமும் ஊத்திட்டேன்."

"நீங்களே பாக்கலாமேக்கா."

"பயமா இருக்குடி. இதுலயும் இருந்துச்சுன்னா இத்தனை வருஷ வேலையும் போச்சு. நீ பாரு. இருக்கிறதைச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். நீல முத்துகள். அவற்றைச் சுற்றி, இடைவெளியெல்லாம், பொடி.

சுத்தமா இருக்குக்கா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு பொய். பழி என் மேலேயே இருக்கும், ஆனால் அந்தக் குழந்தைக்கு அம்மா கிடைத்துவிடுவாள். பழி என்னை என்ன செய்துவிடும்? நான் அடுத்த மாதம் கல்லூரிக்குப் போய்விடுவேன். ஆனால் இந்த ஜெல்லை நாளைக்கு யாரோ ஒருவரின் புண்ணில் பூசுவார்கள்.

"இருக்குக்கா."

"நிறையவா?"

"நிறைய."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு என் தலையில் கை வைத்தாள்.

"அப்போ நீ இல்ல" என்றாள். "மன்னிச்சுக்கோ. வா, சார்கிட்ட போவோம். உன்னை வெச்சுக்கிட்டே சொல்றேன்."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் கறுவிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. நானாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடி அவள் பின்னாலேயே நடந்தேன். பேராசிரியர் அறைக் கதவை அவள்தான் தட்டினாள்.