கீழறைக் கடலும் ஒரு வெல்வெட் திரையும்

மாஸ்டர் வீட்டுக்குள் ஒரு கடலைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னதும் அவர் மனைவி கேட்ட முதல் கேள்வி, “எந்த ரூம்ல?” என்பதுதான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டால் விளக்கம் சொல்வார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு விளக்கம் சொல்வதில் மட்டும் அலுப்பே வராது.

பாவம், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. பகலெல்லாம் புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர். சாயங்காலம் வந்தால், யார்மீதும் மோதாமல் தன் பாட்டுக்குப் போய்வரும் எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. அது மீனாக இருக்கட்டும், அதுவும் கடல்மீனாக இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

“கீழ் ரூம்லதான். அந்தப் பக்கச் சுவரோரமா.”

“அங்க என் துணி இருக்கு.”

“துணி இந்தப் பக்கம், தொட்டி அந்தப் பக்கம். நடுவுல நாலு பேர் படுத்துத் தூங்கலாம்.”

“நாலு பேர் படுக்கட்டும். தண்ணி வந்து படுக்காமப் பாத்துக்கங்க.”

அவளும் சும்மா சொல்லவில்லை. அவள் திரைச்சீலை தைப்பவள். வீட்டு ஜன்னல், ஆஸ்பத்திரி வார்டு என்று தைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதன்முறையாக ஒரு நாடக அரங்கத்தின் மேடைத்திரை கிடைத்திருந்தது. அடர் சிவப்பு வெல்வெட். மடித்து வைத்தாலே ஒரு கட்டில் அளவு இருக்கும். அதை விரித்துத் தைக்க அந்த வீட்டில் தரைக்குக் கீழே இருந்த அந்த நீளமான அறையை விட்டால் வேறு இடம் இல்லை. வெல்வெட்டில் தண்ணீர் பட்டாலே தழும்பு விழும். உப்புத் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக்கோடு நிற்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. அதே சாயத்தில் இன்னொரு துண்டு வாங்கலாம் என்றால், ஆலையில் அந்தச் சாயமே தீர்ந்துவிட்டது.

“என் துணி மேல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா, அன்னைக்கே தொட்டி வெளிய போயிடணும். அப்புறம் அந்த விளக்கம் இந்த விளக்கம்லாம் வேண்டாம். சரியா?”

“பட்டாத்தானே.”

“சரின்னு சொல்லுங்க.”

“சரி,” என்றார் மாஸ்டர்.

குழாய் வேலைக்கு வெளியாள் தேட வேண்டியதில்லை. அவளுடைய தம்பியே பிளம்பர். நல்ல கைக்காரன். கொஞ்சம் ரோஷக்காரனும்கூட. யாராவது போகிற போக்கில் “இந்தக் குழாய் லேசா கசியுற மாதிரி இருக்கே” என்று சொல்லிவிட்டால் போதும், அன்று அவனுக்குச் சோறு இறங்காது. அவன் போட்ட குழாயாக இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

அறைக்கு இறங்கும் படிக்கட்டு நடுவில் திரும்பும். அவ்வளவு பெரிய தொட்டியைச் செய்து இறக்க வழியில்லை. அதனால் கண்ணாடிகளைத் தனித்தனியாக இறக்கி, அறையிலேயே தொட்டியாகக் கட்டினார்கள். கண்ணாடி ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம். கடையிலிருந்து வந்த ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியபோது மாஸ்டர் பின்னால் நின்று, “மெதுவா, மெதுவா, இப்ப லெஃப்ட், லெஃப்ட்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்தபடி இருந்தது. கீழே அவர் மனைவி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடிய வெல்வெட்டின்மேல் அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருந்தாள்.

தொட்டியைத் தாங்குவதற்கு இரும்புச் சட்டம். அதன் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான் தம்பி.

“குமிழி நடுவுல நிக்குதா மாப்ளே?”

“நிக்குது அத்தான். உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க வண்டியா என்ன, கோட்டைத் தாண்டி நிக்க.”

கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கான் பசை காய்கிறவரை வீடெல்லாம் காடி நாற்றம். காய்ந்ததும் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பினார்கள். தம்பி சட்டத்துக்கு அடியில் காகிதத்தை விரித்துப் போட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். எழுந்தபோது காகிதம் கலைந்திருந்தது, நனையவில்லை. அதற்கப்புறம் பீப்பாயில் உப்புக் கரைக்கும் வேலை. மாஸ்டர் ஒரு அளவுமானியை வைத்துக்கொண்டு கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தண்ணீர் என்று கலக்கிக்கொண்டிருந்தார்.

“நாக்குல விட்டுப் பாத்தா தெரியாதா?” என்றாள் அவள்.

“அது உனக்குத் தெரியும். மீனுக்குத் தெரியாது.”

கல்லெல்லாம் அடுக்கி, உப்புத்தண்ணீரும் நிரப்பியாயிற்று. ஆனால் மீன் விட முடியாதாம். தண்ணீர் பக்குவப்பட வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கல்லில் குடியேறினால்தான் மீன் பிழைக்குமாம். அதுவரை சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கல்லைப் பார்த்தார்கள்.

“படம் எப்ப அத்தான் ஆரம்பிக்கும்?”

“ஓடிட்டிருக்கு மாப்ளே. பொறுமையா பாரு.”

“ஹீரோவையே இன்னும் காணோமே.”

கடைசியில் ஹீரோ வந்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு நீலமாக ஒரு மீன். வந்ததும் கல்லிடுக்கில் புகுந்துகொண்டது. வாலை மட்டும் பார்த்துவிட்டு மாஸ்டர் அன்றைக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள் கண்ணுகளா. தொட்டி மேலே இருக்கிறது. அதற்கு அடியில், சட்டத்துக்குள், இன்னொரு சின்னத் தொட்டி இருக்கிறது. மேல்தொட்டியில் விளிம்புவரை வரும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக வழிந்து கீழே இறங்கும். கீழே அழுக்கு நீங்கியதும், ஒரு மோட்டார் அதை இன்னொரு குழாய் வழியாக மேலே ஏற்றிவிடும். இந்த ஏற்றுக்குழாயின் வாயைத் தம்பி தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி வைத்திருந்தான். மேலே வைத்தால் சலசலத்துத் தெறிக்கும், அக்காள் துணியில் படும் என்ற நல்லெண்ணம்தான்.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பீப்பாயில் குழாயைவிட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால், அப்புறம் யாரும் தொடாமலேயே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மோட்டார் நின்றால் ஏற்றுக்குழாயும் அதைத்தான் செய்யும். மேல்தொட்டித் தண்ணீரை வந்த வழியே கீழே இழுத்துவிடும். கீழ்த்தொட்டியில் அவ்வளவுக்கு இடம் கிடையாது. அதற்காக மாஸ்டர் ஏற்றுக்குழாயில், தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு குண்டூசி அளவு துளை போட்டிருந்தார். மோட்டார் நின்றதும் அந்தத் துளை காற்றைக் குடிக்கும். காற்றுப் புகுந்தால் இழுப்பு அறுந்துவிடும்.

துளை போட்டது சரி. போட்டதை மச்சினனிடம் சொல்லவில்லை. அவன் பளிங்குபோல முடித்துவைத்த குழாயில் ஓட்டை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? மனசு சங்கடப்படும். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டார். மனைவிக்கு மட்டும் துளையைக் காட்டி, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கியும் காட்டினார். தண்ணீர் கொஞ்சம் இறங்கியது, ஒரு சீறல் கேட்டது, நின்றுவிட்டது.

“பாத்தியா? கரண்ட் போனாலும் பயமில்ல. நீ எப்ப வேணா பிடுங்கலாம்.”

ஒருநாள் அவர் வகுப்புக்குப் போயிருந்தபோது தம்பி வந்தான். தொட்டியை எட்டிப் பார்த்தான். அவன் குழாயிலிருந்து மயிரிழை மாதிரி தண்ணீர் பீச்சிக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கையால் போட்ட குழாய், அதுவும் அக்காள் வீட்டில், அதுவும் அந்தத் திரைக்குப் பக்கத்தில். அத்தான் கண்ணில் பட்டால் ஆயுசுக்கும் கிண்டல். பையிலிருந்து பசைக்கட்டியை எடுத்தான். தண்ணீருக்குள்ளும் கல்லாக இறுகுகிற வகை. பிசைந்து துளையின்மேல் அப்பி, விரலால் நீவி, தடம் தெரியாமல் ஆக்கினான். அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

திரை தைத்து முடிந்தது. அரங்கத்து ஆட்கள் மறுநாள் எடுத்துப்போக வருவதாக ஏற்பாடு. அவள் அதைத் தரையில் விரித்து, ஆவிப்பெட்டியைப் பின்பக்கத்தில் காட்டிச் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தாள். கனமான மடிப்புகளைத் தூக்கிப் பிடிக்கத் தம்பி. அடுத்த பாதிக்குப் போனபோது ஆவிப்பெட்டியின் ஒயர் எட்டவில்லை. எட்டுகிற இடத்தில் இருந்தது மோட்டாரின் பிளக் மட்டும்தான். எப்ப வேணா பிடுங்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறாரே. பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஆவிப்பெட்டியைச் செருகினாள்.

தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சீறல் வரும் என்று ஒரு காது அங்கேயே இருந்தது. வரவில்லை.

“டேய், அது ஏன்டா நிக்காம இறங்குது?”

தம்பி திரும்பிப் பார்த்தபோது கீழ்த்தொட்டி நிரம்பி, சட்டத்துக்கு அடியிலிருந்து தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தரை லேசாகத் திரைப்பக்கம் சரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அந்த வீட்டாருக்குத் தெரிந்தது.

அவள் ஓடிப்போய்ச் சுவரில் ஆவிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். மோட்டாரின் பிளக்கை எடுக்கக் குனிந்தாள்.

“தொடாதக்கா. அது தண்ணில கிடக்கு.”

அவன் முக்காலிமேல் ஏறி, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, ஏற்றுக்குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சத்தம் நின்றது. ஆனால் விரலைக் கொஞ்சம் அசைத்தால் மறுபடி இழுத்தது.

“குழாயக் கழட்டுடா.”

“ஒட்டியிருக்கேன்க்கா. கழட்ட வராது. நீ துணியத் தூக்கு.”

“ஒத்தையில தூக்கற துணியாடா இது? அந்த ஓட்டை எங்க? அவர் போட்ட ஓட்டை?”

“எந்த ஓட்டை?” என்று கேட்டவன் தான் பசை அப்பிய இடத்தைப் பார்த்தான். “அது அத்தான் போட்டதா?” என்றான்.

அக்காள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. தலைப்பில் குத்தியிருந்த தடித்த ஊசியை உருவிக்கொண்டு அவன் பக்கத்தில் ஏறினாள். பசை கல்லாகியிருந்தது. “எங்கடா? காட்டு.” “கொஞ்சம் கீழ.” “நல்லா நீவிவிட்டிருக்க, பாரு.” “கிண்டல் பண்ணாதக்கா, கை மரத்துப்போச்சு.” ஊசியை வைத்து நோண்டினாள், திருகினாள், உள்ளங்கையால் தட்டினாள். உள்ளே இறங்கியது. உருவியதும் துளை ஸ்ஸ் என்று காற்றைக் குடித்தது. தம்பி விரலை எடுத்தான். ஒன்றும் இறங்கவில்லை.

திரும்பிப் பார்த்தார்கள். முன்னமே ஓடிவந்த தண்ணீர் திரையின் ஒரு மூலையைத் தொட்டுவிட்டிருந்தது. வெல்வெட் அதைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து மாஸ்டர் படி இறங்கி வந்தார். முக்காலிமேல் மனைவியும் மச்சினனும். தரையெல்லாம் தண்ணீர். தொட்டியில் கல்லின் தலை வெளியே தெரிந்தது. அவர் செருப்போடு தண்ணீரில் நடந்துபோய், நனைந்த மூலையைச் சுருட்டித் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

“மாப்ளே, படிக்குப் பின்னால வெள்ளைக் கேன் இருக்கு, எடுத்துட்டு வா. அது வடிகட்டின தண்ணி. உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. காஞ்சா கறை நிக்காது. சீக்கிரம், உப்பு காயறதுக்குள்ள.”

தொட்டியில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட அவர் பிடித்து வைத்திருந்த தண்ணீர் அது. மூலையை ஒரு வாளிக்குமேல் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஊற்றி ஊற்றி அலசினார்கள். துண்டில் ஒற்றினார்கள். மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தார்கள். மாஸ்டர் மண்டியிட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவள் மெல்லிய பிரஷ்ஷால் வெல்வெட்டின் முடியை ஒரே திசையில் வாரிவிட்டாள். காய்ந்ததும் விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துப் பார்த்தாள். வெள்ளைக்கோடு இல்லை. அடிமடிப்புக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி கொஞ்சம் படிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவள்தான் வேண்டும்.

“பரவால்ல. குடுக்கலாம்,” என்றாள்.

மாஸ்டர் எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். “நாளைக்கு ஆளுங்களக் கூட்டிட்டு வரேன். தொட்டியப் பிரிச்சிடலாம்.”

“எதுக்கு?”

“சொன்ன சொல்லு இருக்குல்ல. பட்டுடுச்சே.”

“பிளக்கப் புடுங்குனது நான்.”

“ஓட்டைய அடைச்சது நான்க்கா,” என்றான் தம்பி.

“ஓட்டை போட்டதச் சொல்லாம விட்டது நான்.”

“போதும். ஒவ்வொருத்தரா வரிசைல நில்லுங்க,” என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். “வந்ததுலருந்து அந்தத் தொட்டிய ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா?”

அவர் யோசித்தார். “இல்லையே.”

“அதான் பாத்தேன். இப்பப் போய்ப் பாருங்க. தண்ணி குறைஞ்சு கல்லெல்லாம் காயுது. உங்க மீன் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்.”

அவர் போனார். கண்ணாடியில் மூக்கை வைத்துக் கல்லிடுக்கு இடுக்காகத் தேடினார். “இருக்கு,” என்றார். கொஞ்சம் கழித்து, யாரும் கேட்காமலேயே, “வால் தெரியுது,” என்றார்.

மறுநாள் திரை வண்டியேறிப் போனதும் தம்பி துளைபோடும் மெஷினோடு வந்தான். ஒன்று அடைத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று, இரண்டு துளை போடுவதாக முடிவு. வாழ்க்கையில் இதுவரை எத்தனையோ ஓட்டையை அடைத்தவன், அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓட்டை போட வந்திருந்தான்.

“எங்க அத்தான் போடணும்?”

“உன் குழாய். நீயே பாத்துப் போடு மாப்ளே.”

போட்டான். அக்காள் மோட்டாரை ஓடவிட்டாள். இரண்டு துளையிலிருந்தும் இரண்டு மயிரிழைத் தண்ணீர் பீச்சிக் கண்ணாடியில் அடித்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய கட்டைவிரல் தானாகப் போய் ஒன்றின்மேல் உட்கார்ந்தது.

“எடுடா கைய,” என்றாள் அக்காள்.