நுனி நறுக்காத டிப்

எனக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி ஏன்டி பறக்கற?" என்று அம்மா தினமும் திட்டுவாள். வீட்டில் திட்டு வாங்கித் தந்த அதே குணத்துக்கு ஆய்வகத்தில் சுறுசுறுப்பு என்று பெயர்.

ஈஸ்ட் செல், குரோமோசோம்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவுக்குள் போகும்போது தன் டிஎன்ஏவைத் தானே பல இடங்களில் வெட்டிக்கொள்ளும், பிறகு தானே ஒட்டிக்கொள்ளும். எங்கெங்கே வெட்டுகிறது என்று டிஎன்ஏ முழுவதற்கும் வரைபடம் போட எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். பாக்கி ஒரே ஒரு சரிபார்ப்புதான். வெட்டும் புரதம் வேலை செய்யாத ஈஸ்ட்டில் வெட்டே இருக்கக் கூடாது. திரையில் கோடு தட்டையாக ஓட வேண்டும்.

எங்கே ஓடியது? புல் முளைத்த மாதிரி இண்டு இடுக்கெல்லாம் வெட்டு.

"யாரு தயார் பண்ணின சாம்பிள் இது?" என்றார் புரொபசர்.

"அக்காதான் சார்." வாய் முந்திக்கொண்டது. அக்கா எங்கள் லேப் டெக்னீஷியன். பாதி சாம்பிள் அவள் கைபட்டதுதான். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேனே தவிர, நோட்டைப் பார்க்கவில்லை.

அவர் மேஜையில் ஒரு கடிதத்தைத் தள்ளி வைத்தார். "அவங்க வேலைய இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதினேன். இனிமே கையெழுத்துப் போட முடியாது."

வெளியே வந்துதான் நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் கோழி கிறுக்கின மாதிரி ஒரு கையெழுத்து. என்னுடையது.

திரவம் உறிஞ்சும் பிப்பெட்டின் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழல்தான் டிப். நீளமான டிஎன்ஏவை அதன் குறுகிய நுனியால் உறிஞ்சினால் அறுந்துபோகும். அதனால் அக்கா காலையில் டிப்களின் நுனியைப் பிளேடால் நறுக்கி, சிவப்பு டேப் ஒட்டிய பெட்டியில் வைப்பாள். அன்றைக்குப் பெட்டி காலி. "பத்து நிமிஷம் இரு, நறுக்கித் தர்றேன்" என்றாள். பத்து நிமிஷமா! "பரவால்லக்கா" என்று நறுக்காததையே மாட்டி உறிஞ்சிவிட்டேன். ஈஸ்ட் ஒன்றையும் வெட்டவில்லை. அறுத்தவள் நான். பழி போட்டதும் நான். சீ, என்ன பிறவி!

அக்கா தன் மேஜையில் பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? இந்தா, உனக்கும் ஒரு பெட்டி ரொப்பிட்டேன்."

திரும்பி ஓடினேன். புரொபசரின் கதவைத் தட்டக்கூட இல்லை.

"சார், அது அக்கா இல்ல. நான்தான். நறுக்காத டிப்புல எடுத்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு மட்டும்தானா?"

முதல்முறையாக என் கால் அசையவில்லை.

"இல்ல சார். பெட்டி காலியா இருந்த நாளெல்லாம்."