கழிவுநீர்ப் பண்ணையில் ஒரு ரோமாபுரி

க்ளைவ் பன்னட் மண்ணிலிருந்து எதைக் கிளறி எடுத்தாலும் அது ரோமானியர் காலத்ததாகத்தான் இருக்கும். பச்சை பூத்த அலமாரிக் கைப்பிடியை ரோமானிய வைத்தியனின் கருவி என்பார். டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த வளையம் படைத்தளபதியின் மோதிரமாகிவிடும். இந்த லட்சணத்தில், கருவியால் வயல்களைத் தடவி மண்ணுக்குள் கிடக்கும் பழைய உலோகத்தைத் தேடுகிற சாலோபி ஊர் மெட்டல் டிடெக்டர் சங்கத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் தலைவர்.

சங்கத்தில் கண்டெடுத்த பொருளை அடையாளம் காண்கிற முறை இன்னும் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் தேநீரும் பிஸ்கட்டும் சுற்றி வரும்போது பொருளும் கூடவே சுற்றி வரும். ஆளாளுக்கு நக்கிப் பார்க்காத குறை. பிறகு கை தூக்குவார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ அதுவே சரித்திரம். ஒரு தடவை ஓர் ஆட்டு மணி ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் ரோமானியக் கோயில் மணியாகப் பதவி உயர்வு பெற்றது.

ஜிலியன் திர்ட்டில் அன்றைக்குத்தான் பொறுமை இழந்தாள். மாவட்ட நூலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் புத்தகங்களை வகைப்படுத்தி ஓய்வு பெற்றவள் அவள்.

"நாளைக்கு நாலு பேர் கை தூக்கினா ஆட்டை மாடுன்னு எழுதிக்கலாமா க்ளைவ்?"

"ஆடு வேற விஷயம் ஜிலியன். ஆட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மணியைப் பத்தியும் தெரியாதுங்கறதுதான் என் வருத்தம்."

அவளே உட்கார்ந்து ஒரு டேட்டாபேஸ் கட்டினாள். ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, அளவு, என்ன உலோகம், எந்த இடத்தில் கிடைத்தது, எல்லாம் உண்டு. புதிதாக ஒன்று கிடைத்தால் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கை தூக்க வேண்டியதில்லை. யார் எதை எப்போது மாற்றினாலும் பழைய பதிவும் மாற்றியவர் பெயரும் நேரமும் அப்படியே நிற்கும். அழிக்க வழியே கிடையாது. காலையில் பொத்தான் என்று ஏறுகிற பொருள் சாயங்காலம் சீசர் காசாக மாறுவதைத் தடுக்க, க்ளைவுக்கென்றே வைத்த ஏற்பாடு அது. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்ட முதல் பதிவை அவளே போட்டாள். பாதி உடைந்த, பொன் முலாம் பூசிய ப்ரூச், அதாவது ஆடையில் குத்துகிற அலங்கார ஊசி; ரோமானியர் போன பிறகு வந்த சாக்ஸன் காலத்தது. பின்னாலேயே மற்ற பதினொரு பேரும் வரிசையாக ஏற்றினார்கள். இரண்டு வருஷத்தில் நானூறு பொருள் சேர்ந்தது.

அதன் பிறகு ஒருநாள் மாவட்டத் தொல்லியல் அதிகாரி இமோஜன் பாஸ்க் தொலைபேசியில் கூப்பிட்டாள். விவசாயி லார்ட்டரின் நீளவயலில் தொண்ணூறு வீடு கட்டப் போகிறார்கள். கட்டுமானக் கம்பெனி ஆட்கள் ஒரு மூலையில் இரண்டு குழி வெட்டிவிட்டுப் பழைய பொருள் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"உங்க சங்கத்துக்காரங்க அந்த வயல்ல ஏதாவது எடுத்திருந்தா சொல்லுங்க ஜிலியன். பத்துப் பொருள் இருந்தாக்கூட போதும். புல்டோசருக்கு முன்னாடி நாங்க முழுசாத் தோண்டிப் பார்க்கணும்னு கட்டட அனுமதிக் கமிட்டியில கேட்பேன். வெள்ளிக்கிழமை கூட்டம்."

நீளவயலில் என்ன இருக்கிறதென்று ஜிலியனுக்குத் தெரியும். அந்த ப்ரூச்சை எடுத்ததே அங்கேதான். பக்கத்தில் நீலக் கண்ணாடிப் பாசிமணி ஒன்றும் கிடந்தது. ஆயிரத்து நானூறு வருஷமாக அங்கே ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டது. பாசிமணியை அதே இடத்தில் வைத்து மண்ணை மூடிவிட்டு வந்தாள். அந்தப் பெண்ணின்மேல் இன்னொருத்தர் சமையலறையைக் கட்டுவதை ஜிலியனால் நினைக்கவே முடியவில்லை.

டேட்டாபேஸின் வரைபடத்தைத் திறந்தாள். நீளவயலில் ஒரு புள்ளிகூட இல்லை. மாவட்டமே ஏறக்குறைய காலி. நானூறில் முந்நூற்று அறுபது புள்ளி ஒரே இடத்தில் ஈ மொய்ப்பதுபோல அப்பிக்கிடந்தது. அது சாலோபி கழிவுநீர்ப் பண்ணை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் நுழைந்தவள் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கனவான்களே, வாழ்த்துகள். ஊரோட மலமெல்லாம் போய்ச் சேர்ற தொட்டிக்கு அடியில ரோமாபுரியையே கண்டுபிடிச்சிருக்கீங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டே தோண்டினீங்களா?"

எல்லோரும் ஒரே சமயத்தில் தேநீருக்குச் சர்க்கரை போட ஆரம்பித்தார்கள். டிடெக்டர்காரன் பெற்ற தாயிடம்கூடத் தன் வயலைச் சொல்ல மாட்டான். விவசாயியின் கையைக் காலைப் பிடித்து வாங்கிய அனுமதி. இன்னொருவன் மோப்பம் பிடித்துவிட்டால் போச்சு.

"வெக்கமா இல்ல? பொருள் என்னன்னு தெரியணும்னா எங்கே கெடைச்சதுன்னு தெரியணும். இது சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். பன்னெண்டு பேர் சங்கத்துல ஒரு யோக்கியன்கூடவா இல்ல?"

மூலையில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்த ராட்னி மாப்ஸ் தொண்டையைச் செருமினார். வருஷத்துக்கு நான்கு வாக்கியம் பேசுகிற மனுஷன்.

"அந்த முதல் பதிவைக் கொஞ்சம் திறங்க ஜிலியன்."

அவள் அப்போதுதான் மேல்கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். க்ளைவே திறந்து உரக்கப் படித்தார். "சாக்ஸன் ப்ரூச், உடைந்தது. இடம்: சாலோபி கழிவுநீர்ப் பண்ணை. பதிந்தவர்: ஜி. திர்ட்டில்."

"அதைப் பார்த்துத்தான் நாங்களும் எழுதினோம்," என்றார் ராட்னி. "எடத்தைச் சொல்ல விருப்பமில்லேன்னா இப்படிப் போடணும்போலன்னு நெனைச்சோம். நீங்க லைப்ரரியில இருந்தவங்களாச்சே."

ஜிலியனின் முகம் சிவந்தது. மாதிரிப் பதிவுதானே, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எல்லோர் கண் முன்னாலும் இடத்தை மாற்றினாள். லார்ட்டரின் நீளவயல்.

"நீளவயலா?" க்ளைவ் எழுந்தேவிட்டார். "லார்ட்டர் எனக்கு மட்டும்தான் அனுமதின்னு சொன்னாரே!"

"எனக்கும் அப்படித்தான் சொன்னார்," என்றார் ராட்னி. "வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு விஸ்கி பாட்டில் கொடுத்துட்டிருக்கேன்."

"நானும்தான்!" "நானும்!"

எட்டுப் பேர் ஒரே வயலுக்குக் கப்பம் கட்டியிருக்கிறார்கள், எட்டுப் பேரும் தன்னைத் தவிர மற்றவனெல்லாம் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு. லார்ட்டரைத் திட்டித் தீர்த்துக்கொண்டே ஒருவர் பின் ஒருவராக வந்து உண்மையை எழுதினார்கள். ஒரு மணி நேரத்தில் நீளவயலின் கிழக்கு ஓரத்தில் அறுபத்தேழு புள்ளி திரண்டது. ப்ரூச், கொக்கி, கச்சைப் பட்டையின் முனை என்று அத்தனையும் சாக்ஸன் காலத்தவை. ஒரு முழு இடுகாடே அங்கே இருந்தது. க்ளைவ்கூட ரோமானியம் என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜிலியனுக்கு அந்த ஆட்கள்மேல் பிரியம் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை இமோஜன் நேரிலேயே வந்தாள். உட்காரவில்லை.

"நான் கமிட்டிக்குக் கொடுத்த உங்க டேட்டாபேஸைத்தான் கம்பெனி வக்கீல் கையில வச்சிருந்தார். அறுபத்தேழு பொருளும் ரெண்டு வருஷமா கழிவுநீர்ப் பண்ணையில இருந்ததாம். வீடு கட்டற செய்தி வந்த வாரத்துல, ஞாயித்துக்கிழமை பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு மணிக்குள்ள மொத்தமா நீளவயலுக்கு நடந்து வந்துடுச்சாம். கமிட்டி முழுக்கச் சிரிச்சுது."

"ஆனா இதுதான் உண்மை, இமோஜன்."

"நான் நம்பறேன். பொருள் அசல்தான்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. எங்கேர்ந்து வந்ததுங்கறதுக்கு உங்க வார்த்தையைத் தவிர வேற சாட்சி இல்ல. அந்த வார்த்தை ரெண்டு விதமா இருக்கு." அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். "திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கிறாங்க."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே நீளவயலிலிருந்து இரைச்சல் கேட்டது. ஜிலியன் ஜன்னலைச் சாத்திவிட்டு முதல் பதிவைத் திறந்தாள். நீளவயல் என்பதற்கு மேலே பழைய வரி அப்படியே நின்றது. கழிவுநீர்ப் பண்ணை, அவள் பெயர், தேதி, மணி, நிமிடம். அதை அழிக்கிற பொத்தானைத் திரை முழுக்கத் தேடினாள். அப்படி ஒரு பொத்தான் வேண்டவே வேண்டாம் என்று தீர்மானித்தவள் அவளேதான்.