பூட்டிய கோயிலுக்கு வளர்த்த முடி

காலையில் கண் விழித்ததிலிருந்து பாப்பாயி தொட்டதெல்லாம் ஈரமாகவே இருந்தது. பாய் ஈரம், சேலை ஈரம், தலைக்கு வைத்திருந்த துணிமூட்டை ஈரம். எட்டு மாதக் கைக்குழந்தை நனைத்தது பாதி, மூன்றரை வயதுப் பயல் நனைத்தது மீதி. ஆறு வயதுப் பூங்கொடி பெரிய பிள்ளை, பாயை நனைக்க மாட்டாள். மூக்கை ஒழுகவிட்டு, அதை அம்மாவின் முந்தானையில் துடைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைச் செல்வம் என்று முதன்முதலில் சொன்ன ஆள் எவனாயிருந்தாலும் அவன் ஒருநாள்கூடப் பீத்துணி அலசியிருக்க மாட்டான் என்பது பாப்பாயியின் முடிவு.

அவள் புருஷன் மயில்சாமி திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போர்க்கிணறு போடப் போய் ஐந்து மாதமாகிறது. ஆந்திராவில் எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். மாதம் ஒரு கடுதாசி வரும். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதியிருப்பான். மேலே ஒழுகுவதைப் பார்ப்பதா, கீழே ஒழுகுவதைப் பார்ப்பதா என்று மட்டும் எழுதமாட்டான்.

ஆனால் அன்றைக்கு ஈரத்தைவிடப் பெரிய தொல்லை நாற்றம். முந்தாநாளிலிருந்தே வீட்டுக்குள் எலி செத்த வாடை அடித்தது. அடுக்குப்பானைகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். எலி இல்லை. சோளமூட்டையை நகர்த்திப் பார்த்தாள். அவள் மூட்டையை நகர்த்துகிற நேரத்துக்குள் கைக்குழந்தை வாசலுக்குத் தவழ்ந்து போய்க் கோழிப்பீயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. ஓடிப்போய் விரலை விட்டுத் தோண்டினாள். தோண்டின கையிலேயே அது கக்கி வைத்தது. கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், பூங்கொடி கம்மங்கூழ்ச் சட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"பல்லு உழுந்திருச்சும்மா. கூழுக்குள்ள உழுந்திருச்சு. தேடறேன்."

சட்டியோடு கூழை எருமைக்குக் கொண்டுபோய் ஊற்றினாள் பாப்பாயி. எருமை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு இருக்கிற அருவருப்புகூடத் தனக்கு இருக்க வழியில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கட்டிலுக்கு அடியிலும் எலி கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தாள். பயல் வெளியே போனால் வாடை வெளியே போனது. பயல் உள்ளே வந்தால் கூடவே வந்தது.

"சாமி, இங்க வா," என்றாள்.

பயலின் பெயர் சென்னியப்பன். அது செத்துப்போன மாமனாரின் பெயர். மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் சாமி என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சாமியின் தலையில் பிறந்ததிலிருந்து கத்தி பட்டதில்லை. முதல் முடியைக் குலதெய்வத்தின் வாசலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து எடுக்க வேண்டும். அதுவரை ஒரு மயிரை வெட்டினாலும் சாமி குத்தம். அதனால் முடி தோள் வரை வளர்ந்து, சிக்குப் பிடித்து, எண்ணெயும் மண்ணும் சோற்றுப் பருக்கையும் ஒட்டி, மாட்டு வால் மாதிரி திரிதிரியாகத் தொங்கியது. பேன் நெற்றியில் இறங்கி உலாவும். சீப்பை எடுத்தாலே பயல் ஊரைக் கூட்டுவான். நாலைந்து நாளாகக் காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து அழுதுகொண்டிருந்தான். பேன் கடி என்று நினைத்து அவளும் முதுகில் ரெண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது மடியில் அமுக்கிப் பிடித்து, காதோரத்து முடியைத் தூக்கிப் பார்த்தாள். திரிகள் தோலோடு ஒட்டியிருந்தன. அடியில் மஞ்சளாகச் சீழ் கசிந்தது. பயல் வீறிட்டு அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடினான். உடம்பு நெருப்பாகச் சுட்டது. இந்த முடியை இன்றைக்கே எடுக்காவிட்டால் தலைக்குள் இறங்கிவிடும், பையன் தங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

எடுத்துவிட்டால் ஆயிற்று என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். மயில்சாமியின் பங்காளிக் குடியின் யோக்கியதை அவர்களுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு குலதெய்வத்தின் நோம்பித் திருவிழாவில் பூசாரி முதல் திருநீற்றை யாருக்குக் கொடுப்பது என்று தகராறு. மயில்சாமியின் அண்ணன் நாச்சிமுத்து தன் வகையறாவுக்கு என்றார். பங்காளி கைலாசம் தன் வகையறாவுக்கு என்றார். திருநீற்றுத் தட்டு பறந்தது, ரெண்டு மண்டை உடைந்தது, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. கோயில் கதவில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். அவர் சாவி இல்லாமல் இவர் திறக்க முடியாது, இவர் சாவி இல்லாமல் அவர் திறக்க முடியாது. உள்ளே தெய்வத்துக்கு விளக்கு இல்லை. வெளியே அந்தக் குடியில் பிறந்த பதினாலு பிள்ளைகள் மொட்டையடிக்க வழியில்லாமல் சடை வளர்த்துக்கொண்டு திரிந்தன. மோகனூர்ச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற பாப்பாயியின் தம்பி, தாய்மாமன் சீர் எடுத்துக்கொண்டு ரெண்டு தடவை பஸ் ஏறி வந்து, ரெண்டு தடவையும் வந்த வழியே திரும்பினான். குழந்தையும் தெய்வமும் கொண்டாடுகிற இடத்திலே என்பார்கள். இந்தக் குடியில் ரெண்டையும் ஒன்றாக நாறவிட்டிருந்தார்கள்.

பூங்கொடியிடம் மற்ற ரெண்டையும் ஒப்படைத்துவிட்டு, முடி எடுக்கிற கருப்பண்ணனின் வீட்டுக்கு ஓடினாள். அவர் கத்திப்பெட்டியைத் திறக்கவே இல்லை.

"ஏனுங்க, எனக்குத் தெரியாதுங்களா? பையன் தலையப் பாத்தா எனக்கே வயிறு கலங்குது. ஆனா உங்க பெரிய ஊட்டுக்காரர் சொல்லாம நான் கத்தி வெச்சன்னா, நாளைக்கு ரெண்டு வகையறாவும் சேந்து என்னய மொட்டையடிச்சுப்போடுவாங்க."

அது பொய்யில்லை. மற்ற எதற்கும் சேராதவர்கள் அதற்குச் சேர்ந்துகொள்வார்கள். அவரைக் குறைசொல்லத் தோன்றாமல் திரும்பி வந்தாள்.

நாச்சிமுத்துவின் பெரிய வீடும் பாப்பாயியின் வீடும் ஒரே களத்தில்தான் இருந்தன. களத்து வேப்பமரத்தடியில் அன்றைக்குச் சமாதானப் பேச்சு. ஜமுக்காளம் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, பத்துப் பேர் சம்மணம் போட்டிருந்தார்கள். நடுவில் நாச்சிமுத்து, எதிரில் கைலாசம். ஆறாவது பேச்சு இது. புருஷனுடைய அண்ணன் முன்னால் பாப்பாயி அதுவரை நிமிர்ந்து நின்று பேசினதில்லை. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று சொன்னாள்.

"மாமா, பையன் தலையில புண்ணு சீழ் புடிச்சிருக்குதுங்க. காச்சலும் அடிக்குது. முடிய எடுத்துப்போடறனுங்க."

நாச்சிமுத்து வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "பொறு அம்முணி. இன்னைக்குப் பேச்சு முடிஞ்சிரும். கோயல்ல எடுக்கற முடிய ஊட்டுல எடுத்தா குடிக்கே ஆவாது. மஞ்சளத் தண்ணில கரச்சுப் பூசு."

"பையனுக்கு வேண்டியாவது கதவத் தொறங்கன்னுதான் நானும் சொல்றேன்," என்றார் கைலாசம். "எங்க வகையறாவுக்கு மொத திருநீறுன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. சாவி என் மடியிலதான் இருக்குது."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று நாச்சிமுத்து மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சின்னப் பையன் புண்ணக் காட்டி மொத திருநீறு வாங்கப் பாக்கறான்!"

பேச்சு மறுபடி சூடு பிடித்தது. பையனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பாப்பாயிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து எத்தனையோ அள்ளியிருக்கிறாள், கழுவியிருக்கிறாள். அதற்கெல்லாம் வராத குமட்டல் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த இந்தப் பத்துப் பேரைப் பார்த்தபோது வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் கைக்குழந்தை இருந்த இடத்திலேயே வெளிக்கிருந்துவிட்டு அதில் ரெண்டு கையாலும் தப்படித்துக்கொண்டிருந்தது. சுவரில் பூசியிருந்தது. பூங்கொடியின் பாவாடையில் பூசியிருந்தது. "நான் சொன்னா கேக்க மாட்டீங்குதும்மா," என்று பூங்கொடி மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயல் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். அழக்கூடத் தெம்பில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தூக்கி மடியில் போட்டாள். அவன் தலையிலிருந்து சோற்றுப் பருக்கை மாதிரி ஒன்று அவள் சேலையில் விழுந்தது. பருக்கை நெளிந்தது.

பாப்பாயி அலறவில்லை. பயலைப் பாயில் கிடத்தினாள். பிறகு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். மயில்சாமி முகம் மழிக்க வைத்திருந்த கத்தியைக் கொதிதண்ணீரில் முக்கினாள். கைக்குழந்தையை நாறின கோலத்திலேயே தொட்டிலில் போட்டாள். கத்தினால் கத்தட்டும். பயலின் காலைத் தன் ரெண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "கையப் புடிச்சுக்க அம்முணி, உட்டயின்னா கொன்னுபோடுவேன்," என்று பூங்கொடியிடம் சொன்னாள். பூங்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டாள்.

முதல் திரியைப் பிடித்தவள் வெட்டாமல் நிறுத்தினாள். குலதெய்வம் பயலின் உயிரைக் கேட்டுவிட்டால் என்ற பயம் வந்தது. இப்படியே விட்டாலும் கேட்கத்தானே போகிறது என்று நினைத்தாள். அதற்குப்பிறகு நிறுத்தவில்லை. திரி திரியாக வெட்டித் தள்ளினாள். வெந்நீரில் நனைத்து நனைத்து மழித்தாள். முடிக்கு அடியில் வந்த நாற்றத்தில் ரெண்டு தடவை வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி. குழிக்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. எருமைக்குக் கொம்படியில் புழு வைத்தபோது சூடத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து ஊற்றினது ஞாபகம் வந்தது. அதையே செய்தாள். மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வந்தன. விரலால் எடுத்து ஒரு கொட்டாங்கச்சியில் போட்டாள். பயல் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போனான். அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். முப்பத்தொன்றுவரை எண்ணினாள். அதற்குமேல் கண் மறைத்தது. பெற்ற பிள்ளையின் தலையைப் பார்த்து அருவருத்தோமே, மூன்று வருஷம் எவனோ போட்ட பூட்டுக்குப் பயந்து கிடந்தோமே என்று தன்மீதே காறித் துப்பலாம்போல இருந்தது.

புண்ணைத் துடைத்து, வெள்ளைத் துணி கட்டி, பயலைப் பூங்கொடியின் மடியில் படுக்க வைத்தாள். வெட்டின முடியை வாரி அந்தக் கொட்டாங்கச்சியிலேயே திணித்தாள். எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள்.

இந்தத் தடவை மரத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. ஜமுக்காளத்தை மிதித்துக்கொண்டு நேரே போய், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியை வைத்தாள். முடிக்குள்ளிருந்து ஒரு புழு வெளியே வந்து வெற்றிலையின் மேல் ஏறியது.

"மாமா, உங்க சாமிக்கு வளத்த முடிய மொதல்ல தின்னது இதுகதானுங்க. மொத திருநீற இதுகளுக்கே குடுத்துப்போடுங்க. அப்பறம் சண்ட எதுக்குங்க?"

ஒரு ஆள் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்து வேலியோரமாக ஓடினான். கைலாசம் காலை இழுத்துக்கொண்டார். நாச்சிமுத்துவின் வாயிலிருந்து வெற்றிலை எச்சில் வேட்டியில் ஒழுகியது. துடைக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

பாப்பாயி திரும்பி நடந்தாள். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் பொழுது இறங்குவதற்குள் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கைக்குழந்தையைக் கழுவ வேண்டும், சுவரைக் கழுவ வேண்டும், தன்னைக் கழுவிக்கொள்ள வேண்டும். வாசற்படியில் கால் வைத்தபோது பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பத்துப் பேரும் எழுந்து நின்றார்கள். ரெண்டு பேர் ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள். ஒருவேளை கோயிலைத் திறக்கத்தான் போகிறார்களோ என்று அவள் படியிலேயே நின்றாள். அவர்கள் ஜமுக்காளத்தைக் களத்தின் அந்தக் கடைசியில் இருந்த புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய் விரித்தார்கள். உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கைலாசத்தின் குரல் கேட்டது. அதற்கு மேல் நாச்சிமுத்துவின் குரல் கேட்டது.

கொட்டாங்கச்சி வேப்பமரத்தடியில் தனியாகக் கிடந்தது. ஒரு கோழி அதைக் கிளற ஆரம்பித்திருந்தது.

பாப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். உள்ளே போய்க் கைக்குழந்தையைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனாள். கழுவிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப்பக்கம் ஆள் வந்து நிற்பது தெரிந்தது. நாச்சிமுத்துவின் பெண்சாதி சுப்பம்மாள். மூன்று வருஷமாகப் புருஷன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினவள். இடுப்பில் அவளுடைய கடைசிப் பயல் மணியன், நாலு வயது, அதே சடை, அதே வாடை. சுப்பம்மாள் அவளைப் பார்க்கவில்லை. புங்கமரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பயலின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விரலை மோந்தாள்.

"பாப்பாயி."

"என்னுங்கக்கா?"

"நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதா?"

"இருக்குதுங்கக்கா."

சுப்பம்மாள் பயலை இடுப்பிலிருந்து இறக்கி, ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பக் கத்திய எடு."