வடத்தில் ஒற்றை ஆள்

பவித்ரன் எழுந்தான். பல் துலக்கினான். மைலோ கலக்கி, நின்றபடியே குடித்தான். வேட்டியைச் சுற்றி மேலே பெல்ட்டைப் போட்டான். குனோங் ராபாட்டில் மாமியார் வீரம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு, கோப்பெங்கைத் தாண்டியிருந்த பழைய தோட்டத்துக்கு ஓட்டினான். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. மாரியம்மன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். இன்று அவளுக்குத் தேர்.

வழியில் வீரம்மா கேட்டாள். மகள் டிங்கிக் காய்ச்சலில் போன நாளிலிருந்து கேட்பதுதான்.

"துளசி கடைசியா என்ன சொல்லிச்சு மாப்பிள்ளை? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

"ஒன்னும் சொல்லல அத்தை."

சொன்னாள். ஆனால் பெற்றவள் நெஞ்சில் வைத்துக்கொள்ளும்படியான பேச்சு இல்லை அது. அதைக் கேட்டால் வீரம்மாவின் முகம் என்ன ஆகுமோ என்று பயந்தான்.

தேரை எப்போதும் லாரிதான் இழுக்கும். இந்த வருஷம் கோயில் தலைவர் அர்ச்சுனன், துளசியின் அண்ணன், புதுசாக ஒன்றைக் கிளப்பியிருந்தான். தம்பதிகள் மட்டும் வடம் பிடிப்பது. இடது வடம் புருஷன்மாருக்கு, வலது வடம் பெண்டாட்டிமாருக்கு.

நேர்ச்சாலையில் தேர் ஜோராகப் போனது. இடப்பக்கம் திரும்பும் வளைவில் நின்றது.

"கிரி, கிரி" என்று மலாயில் இடது சொல்லி ஆண்கள் இடப்பக்கமாக இழுத்தார்கள்.

"நீங்க சொன்னா நாங்க விடணுமா?" என்று பெண்கள் வலப்பக்கமாக இழுத்தார்கள். வீட்டுப் பழக்கம். தேர் நடுவில் நின்று நடுங்கியது.

கல்லூரியில் பவித்ரன் நடத்தும் அணுக்கருப் பாடம் கண்முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றது. கருவுக்குள் ஒரே நெரிசல். ஆளுக்கொரு பக்கம் ஓடும் துகள்கள், கணக்குப் போட உட்கார்ந்தால் தலை வெடிக்கும். ஆனால் அவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து, ஒன்றின் சுழற்சியை மற்றது அடித்துவிடும். மொத்தம் சைபர். ஒன்று ஒற்றையாக மிஞ்சினால், பெரும்பாலும் அதன் சுழற்சிதான் முழுக் கருவுக்கும். அத்தனை பெரிய கூட்டத்துக்கு இத்தனை சின்னச் சட்டம்.

"மச்சான், ஜோடி இல்லாத ஆளு ஒருத்தன் இழுத்தாத் திரும்பும்" என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். "இல்ல மச்சான், வடத்த நீ தொடலாமான்னு..."

"அம்மனே நடுரோட்டுல நிக்கிறா, நீ ஏண்டா சாஸ்திரம் பேசற?" என்றாள் வீரம்மா. "போங்க மாப்பிள்ளை."

இடது வடத்தைப் பிடித்து இழுத்தான். தேர் திரும்பியது. திரும்பியது நிற்கவில்லை. இழுத்த வேகத்தில் புருஷன்மார் ஒருவர்மேல் ஒருவர் சரிய, பெண்கள் வடத்தோடு சிரித்துக்கொண்டே ஓட, தேர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. தேங்காய்கள் உருண்டன. உறுமி மேளக்காரர்கள் இதுவும் சடங்கு என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள். மேலே பூசாரி தூணைக் கட்டிக்கொண்டு "மெதுவா லா, மெதுவா" என்று அம்மனிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

பவித்ரன் சிரித்தான். நிற்க முடியாமல் சாலையோரம் உட்கார்ந்து சிரித்தான். வீரம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"அத்தை, கடைசியா துளசி ஒன்னு சொன்னா."

வீரம்மா சிரிப்பை விடவில்லை. காதை மட்டும் அவன் பக்கம் கொடுத்தாள்.

"கட்டில் பக்கத்துல நின்னேன். காத்தாடிய மறைச்சிக்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியல. கண்ணத் தொறந்து என்னைப் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா: 'கொஞ்சம் நவுருங்க லா, காத்து வரல.'"