இருபத்தோராம் கேள்வி

மலாய் நாட்டுக் காஜா பேராங் ஊர்ச் சங்க மண்டபத்துச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. குடியுரிமை விண்ணப்பத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்க இருபத்தொரு கேள்விகள். சங்கத்துக்குத் தாராள மனசு. ‘யாரும் எழுதிக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம்’ என்று மேலேயே போட்டு, நூலில் ஒரு பென்சிலும் கட்டியிருந்தார்கள். வந்தவரெல்லாம் ஆளுக்கொரு கேள்வி சேர்த்தார்கள். எடுத்தவர் ஒருவருமில்லை.

ருக்மணி அன்றைக்கே விண்ணப்பத்தை அரசாங்க ஆபீசில் கொடுத்தாக வேண்டும். பரீட்சை இல்லாத சலுகைக்கு அன்றுதான் கடைசி நாள்; தவறினால் மலாயில் பேசச் சொல்லிப் பரீட்சை வைப்பார்கள். பாசாரில் மீன்காரனை மலாயிலேயே அழவைப்பவள்தான். அதிகாரி முன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளுமே! நேற்று இருபது கேள்விகளைத் தாண்டிக் கடைசியில் விழுந்தாள்: இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இல்லை. இன்று வாங்கி வந்துவிட்டாள். ஆனால் சங்கம் பார்த்து முத்திரை போடாமல் ஆபீசில் வாங்கமாட்டார்கள்; இங்கேயோ முன்னால் முப்பது பேர். ஆபீசை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

செயலாளர் தம்பிராஜா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, வரிசையில் முதல் ஆளைக் கேட்டார்.

“தகப்பனார் வந்த கப்பல் பேரு?”

இருபது நிமிஷம் கழித்து, “சாட்சி கையெழுத்து எங்கய்யா?”

“இல்லீங்களே.”

“போய் வாங்கிட்டு வாங்க.”

அடுத்தவருக்கும் அதே கப்பல், அதே சாட்சி. மூன்றாமவருக்கும் அப்படியே. மணி பத்து. தன் முறை வர இருட்டிவிடும் என்று ருக்மணிக்குத் தெரிந்துபோயிற்று.

“அண்ணே, கடைசிக் கேள்விய மொதல்ல கேட்டா என்னவாம்?”

“இது கமிட்டி போட்ட வரிசைம்மா.”

“எல்லாரும் அங்கதானே விழுறாங்க? விழப்போறவன மாடி வரைக்கும் ஏத்தி விட்டுத்தான் தள்ளணுமா லா?”

வரிசை சிரித்தது. தம்பிராஜா சிரிக்கவில்லை.

“வரிசைய மாத்தணும்னா கூட்டம் போடணும். அடுத்த கூட்டம் செப்டம்பர்ல.”

“யாரும் திருத்தலாம்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?”

பென்சிலை இழுத்தாள். நூல் அறுந்தது. முதல் கேள்விக்கு மேலே கோணல் எழுத்தில் ‘சாட்சி கையெழுத்து உண்டா?’ என்று எழுதிவிட்டுப் பென்சிலும் கையுமாகத் திரும்பினாள்.

“இல்லாதவங்க இப்பவே ஓடுங்க! மதியத்துக்குள்ள வாங்கிட்டு வந்துடலாம்.”

பத்தொன்பது பேர் ஓடினார்கள். அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். இரண்டு மணிக்கு ருக்மணியின் கையில் ஆபீஸ் ரசீது இருந்தது.

செப்டம்பரில் கமிட்டி கூடியது. அனுமதியில்லாமல் வரிசையை மாற்றியதை ஏகமனதாகக் கண்டித்தது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று அந்தக் கோணல் வரியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. அடியில் புதிதாக ஒரு கேள்வியும் சேர்த்தது: ‘பென்சிலை எடுத்தவர் யார்?’

பதில் சொல்ல ருக்மணி அந்தப் பக்கம் போகவேயில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.